சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் ஹாலில் ஹோம் தியேட்டர்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

தவழும் வயதிலிருந்து ஐந்து வயது வரை குழந்தை இருக்கும் வீட்டில், எல்லோரும் புழங்கும் ஹாலிலேயே பெரிய டிவியும் ஸ்பீக்கர்களும் வைப்பதற்கான வழிகாட்டி இது. எங்கள் வீட்டிலும், அக்கா வீட்டிலும், நண்பர்கள் சிலர் வீட்டிலும் கூட இருந்து செய்த வேலை. எல்லா இடத்திலும் ஒரே தடுமாற்றத்தைப் பார்த்தேன். பொருள்களை வாங்கி, பிரித்து, மாட்டி முடித்த பிறகுதான் குழந்தையைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் சுவரில் ஓட்டை விழுந்திருக்கும், ஒயர் தரையில் ஓடியிருக்கும். மிஞ்சுவது செல்லோடேப்பும் அதட்டலும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹால் பொது இடம். பெரியவர்களுக்குத் தொந்தரவு தரும் பாதுகாப்பு எதுவும் அங்கே நிலைக்காது. நான் முதலில் எங்கள் டிவி முழுவதற்கும் நாலு இலக்க எண் பூட்டுப் போட்டேன். "இந்த நம்பரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுடா" என்றார் அம்மா. மூன்றாம் நாள் அந்த எண் ரிமோட்டின் முதுகில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகள் உண்டு. குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கிறதா? வீட்டுப் பெரியவர்கள் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால்தான் அந்தப் படி முடிந்தது.

1. வாங்குவதற்கு முன்: தரையில் உட்கார்ந்து பாருங்கள்

அளவு டேப், பென்சில், ஒரு தாள் எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது அங்கிருந்து தெரியும்: கீழ் வரிசை பிளக் பாயின்ட், சோபாவுக்குப் பின்னால் தொங்கும் சார்ஜர், மேலே ஏற வசதியாக நிற்கும் முக்காலி.

அடுத்து, குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, கையை மேலே தூக்கச் சொல்லி, விரல் நுனி தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஹாலில் ஏறி நிற்கக்கூடிய மோடாவோ முக்காலியோ இருந்தால் அதன் உயரத்தையும் சேர்த்து இரண்டாவது கோடு போடுங்கள். இதற்கப்புறம் எல்லா முடிவுக்கும் இந்த இரண்டு கோடுகள்தான் அளவு.

உட்காரும் தூரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். 55 அங்குல டிவிக்கு ஏழு அடியிலிருந்து ஒன்பது அடி வரை நன்றாக இருக்கும். சோபா ஆறு அடியிலேயே இருந்தால் 43 அங்குலம் போதும். திரை பெரிதாக ஆக அதன் கீழ் விளிம்பு தாழ்ந்து குழந்தையின் கைக்கு நெருங்கி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

புரொஜெக்டர் வேண்டும் என்பவர்களுக்கு: குழந்தை சிறிதாக இருக்கும்வரை தவிர்ப்பது நல்லது. சுவரோரம் கீழே வைக்கும் வகையில் குழந்தை குனிந்து நேராக ஒளிக்குள் பார்த்துவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கூரையில் மாட்டும் வகைதான்.

2. மின்சார வேலை: டிவி வருவதற்கு முன்பே முடிக்க வேண்டியது

பலர் டிவியை மாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் சுவரை வெட்டும்போது தூசி முழுவதும் ஸ்பீக்கருக்குள்ளும் திரைக்குப் பின்னாலும் போகும். வெட்டல், குழாய் பதித்தல், பூச்சு, பெயின்ட், அதற்குப் பிறகு டிவியைச் சுவரில் தாங்கும் பிராக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி வேறு, இது வேறு. எம்சிபி, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடும்போது துண்டித்து ஒயரைக் காப்பாற்றும். மனிதர் உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிப்பது ஆர்சிசிபி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அதில் டி என்று குறித்த சின்னப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள்.

டிவிக்கான பிளக் பாயின்ட்கள் டிவியின் முதுகுக்குப் பின்னாலேயே வரட்டும். திரை மறைத்துவிடும், குழந்தைக்குக் கண்ணிலும் படாது. ஆனால் அவற்றுக்கான சுவிட்ச் மட்டும் நாலரை அடி உயரத்தில் வெளியே இருக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ டிவியை நகர்த்தாமல் அணைக்க வேண்டுமே. இடி மின்னல் தொடங்கும் முன்பே கேபிள், டிஷ் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது, அந்த வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும்.

கீழே இருக்கும் பழைய பாயின்ட்களை ஷட்டர் (ஓட்டைகளை உள்ளிருந்து மூடும் தகடு) உள்ள சாக்கெட்டாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். இரண்டு பின் பிளக் நுழையவில்லை என்று மேல் ஓட்டையில் பேனா மூடியைச் செருகி ஷட்டரைத் திறப்பது நம் வீடுகளில் சாதாரணம். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாக்கெட் ஓட்டையில் குச்சி செருகலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நாம்தான். இரண்டு பின் பொருளுக்கு நல்ல அடாப்டர் வாங்கி நிரந்தரமாகச் செருகிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கவே கூடாது. குழந்தைக்காக மட்டும் இல்லை, தினமும் மாப் போடும் வீட்டில் தண்ணீர் அதற்குள் போகும். தவிர்க்க முடியாவிட்டால் டிவி யூனிட்டின் உள்பக்கச் சுவரில், தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்.

3. ஒயர்: இழுக்க முனை கிடைக்கக் கூடாது

தவழும் குழந்தை ஒயரைப் பார்த்தால் இழுக்கும், வாயில் வைக்கும். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஒயரை ஒளித்தால் மட்டும் போதாது, இழுக்க ஒரு வளைவுகூட வெளியே கிடைக்கக் கூடாது.

சொந்த வீடு என்றால் டிவி இருக்கும் இடத்திலிருந்து கீழே யூனிட் வரை சுவருக்குள் ஒன்றரை அங்குலப் பிவிசி பைப் பதியுங்கள். வழக்கமாக எலெக்ட்ரீஷியன் முக்கால் அங்குலம் போட்டுவிடுவார். படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஒயரின் தலை அதில் நுழையாது. நான் பார்த்தவரை இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், சுவரைப் பூசிய பிறகுதான் தெரியவரும். பைப்பின் வளைவுகள் பெரிதாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், நாளை வேறு ஒயர் இழுக்க உதவும். எச்டிஎம்ஐ ஒயர் ஐந்து மீட்டருக்குள் முடிந்தால் சாதாரணச் செம்பு ஒயரே போதும். அதற்கு மேல் போனால் ஃபைபர் வகை வாங்குங்கள், இல்லையென்றால் 4கே படம் விட்டு விட்டு வரும்.

வாடகை வீட்டில், சுவருக்கு மேலேயே ஒயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி போதும். ஆனால் பின்பக்கப் பசையை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் அது கழன்று வரும், குழந்தை விரலை விட்டு உரித்துவிடும். இரண்டடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ வேண்டும்.

ஜன்னல் பிளைண்டின் கயிறும் இந்தக் கணக்கில்தான் வரும். படம் பார்க்க வெளிச்சத்தைத் தடுக்கப் பிளைண்ட் போடுபவர்கள் அதன் வளையக் கயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். குழந்தையின் கழுத்து அதில் மாட்டினால் சத்தம்கூட வராது. கம்பியில் வளையம் போட்டு மாட்டும் தடித்த திரைச்சீலையே போதும்.

4. டிவியை மாட்டுவது: சுவரைத் தெரிந்துகொண்டு ஓட்டை போடுங்கள்

நிற்கும் டிவியைக் குழந்தை பிடித்து இழுத்தால் முன்னால் சாயும். 55 அங்குல டிவி சுமார் 14 முதல் 18 கிலோ இருக்கும், தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் குழந்தை இருக்கும் ஹாலில் சுவரில் மாட்டுவதே சரி.

துளை போடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல், நல்லது. சாம்பல் நிறத்தில் வந்து டிரில் மெதுவாக இறங்கினால் கான்கிரீட், இன்னும் நல்லது. சாம்பல் தூள் வந்தும் டிரில் சுலபமாக இறங்கினால் செங்கல்களுக்கு இடையிலுள்ள கலவையில் விழுந்திருக்கிறது, துளையை இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். வெள்ளையாக மாவுபோலக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள இலேசான கான்கிரீட் கல். அதற்கு டிரில்லின் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டுத் துளைத்து, அந்த பிளாக்குக்கென்றே விற்கும் ஆங்கரைப் போட வேண்டும். திடீரென்று டிரில் உள்ளே போய்விட்டால் ஹாலோ பிளாக், அல்லது பின்னால் வெற்றிடம். அங்கே சாதாரணப் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பிடிக்காது.

இன்னொரு விஷயம், பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். பெட்டியோடு வரும் குட்டைப் பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். பூச்சைத் தாண்டிக் குறைந்தது இரண்டு அங்குலம் செங்கலுக்குள் போகும்படி 10 மில்லிமீட்டர் பிளக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்ட வருபவர் கையில் இருப்பதைத்தான் போடுவார். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் குழாய் அங்கேதான் ஓடும். சுவரின் மறுபக்கம் குளியலறையா என்றும் பாருங்கள், தண்ணீர்க் குழாய் இருக்கும்.

பிராக்கெட்டில் நிலையான வகையோ சற்றுச் சாயும் வகையோ எடுங்கள். கை நீட்டும் வகையில் குழந்தை தொங்கினால் நெம்புகோல்போல முழு இழுப்பும் மேல் ஸ்க்ரூக்களுக்குப் போகும், மடிப்பில் விரலும் நசுங்கும். டிவியின் முதுகில் போடும் ஸ்க்ரூ, கையேட்டில் சொன்ன நீளத்தில் இருக்க வேண்டும். நீளமானது உள்ளே பேனலைக் குத்தும், குட்டையானது சில மரைகளில் மட்டுமே பிடிக்கும்.

பிராக்கெட் மாட்டியதும் உடனே டிவியை ஏற்றாதீர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, பிராக்கெட்டைச் சுற்றிச் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் பிராக்கெட்டில் தொங்கவிடுங்கள். கோட்டிலிருந்து பிராக்கெட் நகர்ந்தாலோ, மேல் விளிம்பில் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வந்தாலோ அந்தத் துளைகள் உதவாது. அக்கா வீட்டில் இப்படித்தான் ஒரு மேல் ஸ்க்ரூ கலவையில் விழுந்திருந்தது தெரிந்தது. டிவியை ஏற்றியிருந்தால் தெரிந்தே இருக்காது.

உயரத்தில் சமரசம் தேவை. கண்ணுக்கு நேராக வைத்தால் திரையின் நடு நாலடிக்குக் கீழே வரும், 55 அங்குலத்தின் கீழ் விளிம்பு குழந்தையின் முதல் கோட்டுக்கும் தாழ்ந்துவிடும். கீழ் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வரும்படி ஏற்றி, திரையை லேசாகக் கீழே சாயுங்கள். பாட்டிக்குக் கழுத்து வலிக்கிறதா என்று அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் துளை போட வேண்டும்.

வீட்டுக்காரர் துளை போட விடவில்லை என்றால், இரண்டே இரண்டு துளைக்கு அனுமதி கேளுங்கள். டிவியின் முதுகிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை, யூனிட்டிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை. காலி செய்யும்போது பெயின்டர் பூசும் வால் பட்டி வைத்துத் துளையை அடைத்துவிடலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

5. யூனிட்: ஏணியாக மாறாமல் பார்ப்பது

இழுப்பறைகளைக் குழந்தை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கும். அப்போது முழு யூனிட்டும் முன்னால் கவிழும். எல் வடிவக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இணைத்துவிடுங்கள், பக்கத்தில் நிற்கும் ஷோகேசையும் சேர்த்து.

யூனிட்டின் மேல், டிவிக்கு முன்னால், பொம்மையோ சாக்லேட்டோ ரிமோட்டோ வைக்காதீர்கள். ஏறுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் குழந்தை ஏறப் பார்க்கும்.

ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்துக் கதவு போடலாம், ஆனால் கண்ணாடிக் கதவு வேண்டாம். உடையும், சூடும் வெளியேறாது. பிரம்பு வலைக் கதவு சரியாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் தலைக்கு மேல் ஒரு கை அகலமாவது இடம் விடுங்கள்.

கதவைப் பூட்டிவிட்டால் பெரியவர்கள் சத்தத்தை எப்படிக் கூட்டுவது? டிவியையும் ஆம்ப்ளிஃபயரையும் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும்) துளை வழியாக இணைத்து, டிவி அமைப்பில் சிஇசி (ஒரு ரிமோட்டால் இணைந்த கருவிகளை நடத்தும்) வசதியை இயக்குங்கள். டிவி ரிமோட் ஒன்றே இரண்டையும் நடத்தும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இந்த ஏற்பாடுதான் ரொம்பப் பிடித்தது, மூன்று ரிமோட் ஒன்றானது.

6. ஸ்பீக்கர்

தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கரைக் குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை தள்ளிப்போடுங்கள். ஒல்லியாக நிற்பது சுலபமாகச் சாயும். சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரில் இரண்டாவது கோட்டுக்கு மேல் மாட்டி, உட்காரும் இடத்தைப் பார்த்துச் சாய்த்துவிட்டால் ஒலியில் பெரிய இழப்பு இல்லை. பின் ஸ்பீக்கர்கள் காதுக்கு மேலே இருப்பதுதான் முறையும்கூட.

முன்பக்க வலையைக் கழற்றி அழகு பார்க்க வேண்டாம். நடுவில் மெத்தென்று குமிழாக இருப்பது குழந்தை விரலுக்கு அழைப்பு, ஒரு அழுத்தில் உள்ளே போய்விடும். உலோக வலை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கவலையில்லை.

தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் கனமானது, சாயாது. ஆனால் பலவற்றில் காற்று வரும் ஓட்டை இருக்கும். எங்கள் வீட்டு சப்வூஃபர் ஒருநாள் கடகடவென்று அடித்தது. கவிழ்த்துக் குலுக்கியபோது ஒரு கரண்டி, இரண்டு புளியங்கொட்டை, தேடிக்கொண்டிருந்த சாவி எல்லாம் விழுந்தன. ஓட்டையைச் சுவர் பக்கம் திருப்பி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அல்லது ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைத் துண்டை இறுக்கமாகக் கட்டிவிடுங்கள், காற்று தடைப்படாது. ஓட்டையே இல்லாத மூடிய வகை கிடைத்தால் அதுவே மேல்.

7. பெட்டி பிரிக்கும் நாள்

இந்த ஒரு நாள் குழந்தை வேறு அறையில், வேறொரு பெரியவரோடு இருக்கட்டும். தெர்மாகோல் துண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம், பாலிதீன் உறை, ஸ்க்ரூ எல்லாம் தரையில் கிடக்கும். பிரிக்கும்போதே ஸ்க்ரூக்களை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை குழந்தையை ஹாலுக்குள் விடாதீர்கள்.

8. பட்டன் பேட்டரி: இதைத் தவறாமல் படியுங்கள்

டிவி ரிமோட்டில் பெரும்பாலும் டிரிபிள் ஏ பேட்டரிதான். ஆபத்தானது காசுபோலத் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரி. சவுண்டுபாரின் குட்டி ரிமோட், டிவிக்குப் பின்னால் ஒட்டும் வண்ண விளக்குப் பட்டையின் ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை இவற்றிலெல்லாம் அது இருக்கலாம். சிஆர்2032 என்று எழுதியிருப்பது 20 மில்லிமீட்டர் அகலம். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். எச்சிலின் ஈரத்தில் மின்னோட்டம் உண்டாகி, கடுமையான காரப்பொருள் (ஆல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே திசுவை எரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும்.

அதனால் ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறக்கும் மூடியுள்ள ரிமோட்டை ஹாலில் வைக்காதீர்கள். டிவி ரிமோட்டாலேயே வேலை நடக்கும் என்பதால் சவுண்டுபார் ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடலாம். பழைய பேட்டரியை இரு பக்கமும் டேப் ஒட்டி அன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். தமிழ்நாட்டில் 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் காசுபோலவே தெரியும் என்பதால், பேட்டரியாக இருக்கலாம் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே வகை ரிமோட்டோ உறையோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

9. சத்தமும் பூட்டும்

குழந்தை பெரியவர்களைவிடத் திரைக்கு அருகில் உட்காரும். தூரம் பாதியானால் திறந்தவெளியில் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், அறைக்குள் கொஞ்சம் குறைவு. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. குழந்தை உட்காரும் பாயில் போனை வைத்து ஒலி அளக்கும் ஆப்பில் பாருங்கள். போன் துல்லியமாகக் காட்டாது, ஆனால் 70க்கும் 85க்கும் வித்தியாசம் தெரியும். ஆம்ப்ளிஃபயரின் அமைப்பில் அதிகபட்ச ஒலி, இயக்கும்போது தொடங்கும் ஒலி என்று இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டையும் வரையறுத்துவிட்டால் குழந்தை பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் வீடு அதிராது.

பூட்டை டிவிக்குப் போடாமல், பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு மட்டும் போடுங்கள். படம் காட்டும் ஒவ்வொரு ஆப்பிலும் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல், அதில் யு அல்லது யு/ஏ 7+ வரை மட்டும். 2021 விதிகளின்படி இந்திய ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகை காட்டுகின்றன, தேர்வு சுலபம். அம்மா பார்க்கும் சேனல்கள் பூட்டில்லாமல் வரட்டும். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை எல்லா ஆப்பிலும் நிறுத்துங்கள். குழந்தை எழுந்து போவதற்கு ஒரு இடைவெளி கிடைப்பது அப்போதுதான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

10. முதல் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் எதையும் தடுக்காமல், பக்கத்தில் இருந்து குழந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். எதை நோக்கி முதலில் போகிறது, எதைப் பிடித்து எழுகிறது என்று குறித்துக்கொண்டு அதை மட்டும் திருத்துங்கள். பாட்டி தாத்தா எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிராக்கெட் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள், ஆர்சிசிபி பொத்தானை அழுத்திப் பாருங்கள், குழந்தையை மறுபடி சுவரோரம் நிறுத்திப் புதுக் கோடு போடுங்கள். எங்கள் சுவரில் இப்போது ஐந்து கோடுகள். கடைசிக் கோடு டிவியின் கீழ் விளிம்பைத் தாண்டிவிட்டது, அதனால் போன மாதம்தான் திரைக்கு முன்னால் அக்ரிலிக் தகடு ஒன்று மாட்டினோம்.